துண்டுக்குள் நீட்டிய கை

என் தொண்டைக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. சங்கரன்கோவில் மாட்டுச் சந்தையில் நின்று நான் ஒரு காளையின் பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரயிலடி வரை கேட்கும் என்பார்கள். அதில் கொஞ்சம் புளுகு கலந்திருக்கிறது. பாதித் தூரம் கேட்டிருக்கும், அவ்வளவுதான்.

இப்போது வாரத்துக்கு இரண்டு பேராவது என் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்: "அண்ணாச்சி, அந்த ஆஸ்பத்திரியில என்ன செய்வாவ? ஊசி எங்கன போடுவாவ? வலிக்குமா?" யாருக்கு என்று நான் கேட்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னால் தொண்டை கட்டிக்கொள்கிறது. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. அதனால் எழுதிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான். எழுத்து கோணலாக இருந்தாலும் விஷயம் நேராக இருக்கும்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. நான் மாட்டுத் தரகன். மாட்டின் பெருமையை எவ்வளவு வேண்டுமானாலும் வாயால் பேசலாம். விலையை மட்டும் வாயால் பேசக் கூடாது. தோள் துண்டை எடுத்து இரண்டு பேர் கைக்கும் மேலே போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். ஒரு விரல் என்பது பத்தா நூறா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். சுற்றி நூறு பேர் நின்றாலும் உள்ளே என்ன விலை போகிறது என்று ஒருவனுக்கும் தெரியாது. உள்ளே ஒத்துக்கொண்டதை வெளியே வந்து மாற்றுகிறவன் கையை அப்புறம் எவனும் தொட மாட்டான். கையைத் தொட ஆளில்லை என்றால் தரகனுக்குச் சோறு இல்லை.

அப்படிப்பட்ட எனக்கு, சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும், குரல் கம்மியது. சந்தைத் தூசி என்று நினைத்தேன். சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கும். இடுப்பில் வேட்டி நிற்காமல் நழுவியது. கோமதி, என் மனைவி, கோவில் புற்றுமண்ணைத் தொண்டையில் பூசினாள், வைத்தியரிடம் லேகியம் வாங்கிக் கொடுத்தாள். ஒருநாள் இருமித் துண்டால் வாயைத் துடைத்தேன். துண்டில் ரத்தம். விலை பேசுகிற அதே துண்டு. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கோமதி இடுப்பைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுநாள் காலை தென்காசி ரயிலில் என்னை ஏற்றிவிட்டாள். அவளும் கூடவே ஏறிக்கொண்டாள்.

மலையடிவாரத்தில் நெஞ்சு நோய்க்கென்றே இருந்த ஆஸ்பத்திரி அது. வெளியே பெஞ்சில் எங்களுக்கு முன்னால் இருபது பேர். யாரும் யாரோடும் பேசவில்லை. சந்தையில் வளர்ந்தவனுக்கு அந்த அமைதியே பாதி நோய். இருமல் வந்தவன் எழுந்து தூரப் போய் இருமிவிட்டு வந்து உட்கார்ந்தான். நானும் அப்படித்தான் செய்தேன்.

அங்கே செய்யும் சோதனைகளைச் சொல்லுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை. எக்ஸ்ரே என்பது நெஞ்சைப் படம் பிடிப்பது. சட்டையைக் கழற்றி, ஜில்லென்று இருக்கும் ஒரு பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொல்லி, மூச்சை அடக்கச் சொல்லுவார்கள். வலி கிடையாது. படத்தில் காற்று நிறைந்த இடம் கறுப்பாகவும் எலும்பு வெள்ளையாகவும் தெரியும். எனக்கு வலது பக்கம் மேலே, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு சிதறினாற்போல் வெள்ளை. சளிச் சோதனை என்பது காலையில் முதலில் வரும் சளியை மூடிபோட்ட டப்பாவில் துப்பிக் கொடுப்பது. அதைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு தொண்டை. நீளமான கம்பியின் நுனியில் ஒரு காலணா அளவுக் கண்ணாடி. மூச்சுப் பட்டு மங்காமல் இருக்க அதை விளக்கில் லேசாகச் சுடவைத்து, நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். குமட்டும். அந்த மூன்றிலும் அதுதான் மோசம்.

டாக்டர் வயதானவர், சிரிக்கத் தெரியாதவர். "காசநோய். நுரையீரல்ல இருந்து குரல்வளைக்கும் இறங்கியிருக்கு. நாலு மாசம் பேசக் கூடாது. மெதுவாவும் பேசக் கூடாது, கிசுகிசுத்தாலும் தப்பு" என்றார்.

கோமதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்! "நாலு மாசமா? டாக்டரய்யா, இவுக தூக்கத்திலேயே மாடு விப்பாகளே!" என்றாள். அப்புறம்தான் அழுதாள். நான் அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். டாக்டர் விரலைக் காட்டினார். அன்று மூடியதுதான்.

புதிய மருந்தொன்று வந்திருந்தது, ஸ்ட்ரெப்டோமைசின் என்று பெயர். இடுப்பில் போடும் ஊசி. போட்ட இடம் கல் மாதிரி வீங்கும், காதில் வண்டு குடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். ஆனால் அதற்கு முன் இந்த நோய்க்கு ஓய்வையும் முட்டையையும் தவிர வேறு மருந்தே கிடையாதாம். ஊசி மருந்தை நாமே வாங்கிக் கொடுக்க வேண்டும். கோமதி தன் சங்கிலியையும் எங்கள் சொந்தக் காளை ஜோடியையும் விற்றாள். காளையை அவளேதான் விற்றாள். நான் விற்றிருந்தாலும் அந்த விலை வந்திருக்காது.

ஊரில் கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில்: "மலையாளத்துக்கு மாடு வாங்கப் போயிருக்காக." நோய் என்று சொன்னால் எங்கள் வீட்டுத் தண்ணீரைக்கூட யாரும் தொட மாட்டார்கள் என்று பயம். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் ஞாயிறுதோறும் ரயிலேறி வருவாள். முறுக்கோ ஊறுகாயோ கொண்டுவந்தால் சிஸ்டர் பிடுங்கிக்கொள்வார். அதனால் அவள் வேறொன்று கொண்டுவந்தாள். கறவை மாடு வாங்குகிறவள் போலச் சந்தைக்குப் போய், ஆம்பளைகளுக்கு நடுவே நின்று, எந்த ஜோடி யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று கேட்டு வந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். என் வாழ்நாளில் எனக்கு யாரும் செய்யாத உபகாரம் அது. கேட்கக் கேட்கக் கை துறுதுறுக்கும்.

பக்கத்துக் கட்டிலில் முத்தையா. புளியங்குடியில் தறி நெய்கிறவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். வாய் ஓயாதவன். என்னால் பேச முடியாது என்பது தெரிந்ததும் அவனுக்குக் கொண்டாட்டம். நான் சிலேட்டில் எழுதிப் பார்த்தேன். கோபத்தை எழுத்தில் எழுதுவதற்குள் கோபமே ஆறிவிடுகிறது. கடைசியில் அவனுக்கு விரல் பாஷை கற்றுக்கொடுத்தேன். அவன் போர்வைக்குள் கையை விடுவான், நான் பிடிப்பேன். இன்றைக்கு இட்லி எத்தனை, சிஸ்டர் எத்தனை பேரைத் திட்டினார், கஞ்சி எத்தனை காசு பெறும், எல்லாவற்றுக்கும் பேரம்தான். "அண்ணாச்சி, நெசவு செய்யுத விரலுக்கு இது கை வந்த கலை" என்பான். நிஜம்தான். என்னையே இரண்டு முறை ஏமாற்றினான்.

நாலு மாதத்தில் என் தொண்டை ஆறியது, நெஞ்சு ஆற இன்னும் நாலு மாதம் பிடித்தது. மூன்று முறை அடுத்தடுத்துச் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, முத்தையா போர்வைக்குள் கையை விட்டான். என் மூன்று விரலைப் பிடித்தான். எனக்கு விளங்கவில்லை.

"என்னலே மூணு?" என்றேன். நான்கு மாத மௌனத்துக்குப் பிறகு திரும்பிய என் குரல் அப்போதும் துருப்பிடித்த கதவு மாதிரிதான் கேட்டது.

"இன்னும் மூணு ஊசி இருக்கு அண்ணாச்சி. அதுக்கு மேல வாங்க நம்மகிட்ட சக்தி இல்ல. தறியையும் வித்தாச்சு" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

நான் நேரே டாக்டரிடம் போனேன். ஏழை நோயாளிகளுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரியில் ஓர் உதவி நிதி இருந்தது. அது ஏறக்குறையக் காலி. முத்தையாவைப் போல அந்த வார்டில் ஆறு பேர். இருப்பதைத் துடைத்துச் சேர்த்தால் இன்னும் இரண்டு மாதம் தள்ளலாம், பாதியில் நிறுத்தினால் அப்புறம் அந்த மருந்து அவர்கள் உடம்பில் வேலை செய்யாமலே போய்விடலாம் என்றார். "வக்கீல் ரெண்டு பேர் ஊர் ஊராப் போய்ப் பேசிப் பார்த்தாங்க. கைதட்டினாங்களே தவிர யாரும் மடியை அவிழ்க்கல. உங்க தொண்டையை நாங்க சரிபண்ணிக் கொடுத்தோம் இல்லையா? அதை எங்களுக்குக் கொஞ்சம் வாடகைக்கு விடுங்க" என்றார். அந்த மனுஷர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எட்டு மாதம் கழித்து ஊருக்குத் திரும்பினேன். பாலும் முட்டையும் தின்று கன்னம் வைத்திருந்தேன். மலையாளத்துக்கு மாடு வாங்கப் போனவன் கன்றுக்குட்டி கூட இல்லாமல், அதுவும் கொழுத்து வந்தால் எவன் நம்புவான்? முதல் சந்தையில் ஒரு சம்சாரி, அதாவது விவசாயி, சாம்பல் நிறத்தில் இருந்த தன் மயிலைக் காளை ஜோடியை என்னிடம் விற்கக் கொடுத்தார். பனவடலிசத்திரத்துப் பரமசிவன் வந்தான். அவனும் தரகன்தான், இருபது வருஷமாக எனக்குப் போட்டி. ஜோடியைச் சுற்றிச் சுற்றி வந்தான், பல்லைப் பார்த்தான், வாலை முறுக்கினான். ஆசை கண்ணில் தெரிந்தது. துண்டை விரித்துக் கையை நீட்டினேன்.

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "கையில புண்ணு வே. விலையை வாயாலயே சொல்லும்" என்றான்.

சந்தையே பார்த்தது. என் துண்டுக்குக் கீழே என் கை மட்டும் தனியாக நின்றது. அந்த அவமானத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அடுத்தடுத்த சந்தைகளிலும் அதே கதைதான், ஒருவனுக்குச் சொறி, ஒருவனுக்கு நகச்சுற்று. எனக்குத் தெரியாமல் ஊர்க் கை எல்லாம் ஒரே மாதத்தில் புண்ணாகிவிட்டதாம்!

இந்த நிலைமையில்தான் டாக்டரிடம் ஒத்துக்கொண்டபடி நிதிக்காக முதல் கூட்டம், சிவகிரியில், ஒரு பள்ளிக்கூட வாசலில். நல்ல கூட்டம். நான் அருமையாகப் பேசினேன், அதில் சந்தேகம் வேண்டாம். "என் சிநேகிதன் ஒருத்தனுக்கு இந்த நோய் வந்தது" என்று ஆரம்பித்து, எக்ஸ்ரே, ஊசி, நாலு மாத மௌனம், எல்லாவற்றையும் அந்தச் சிநேகிதன் தலையில் வைத்தேன். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். முடிக்கும்போது முன்வரிசையில் இருந்த சம்சாரி ஒருவர் எழுந்தார்.

"அந்தச் சிநேகிதன் இப்ப எங்கன இருக்கான்?"

"சொகமா இருக்கான்."

"அப்ப அவனையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா? கண்ணுல காட்டாத மாட்டுக்கு எவன்வே அச்சாரம் குடுப்பான்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. உண்டியலில் விழுந்தது பஸ் காசுக்குச் சரி. முகம் சிவந்து வீட்டுக்கு வந்து சிவகிரிக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கோமதி அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"சுழி மாட்டை எப்படி விப்பீக?" என்றாள் திடீரென்று.

சுழி என்பது மாட்டின் உடம்பில் மயிர் சுழன்று கிடக்கும் இடம். சில சுழி ஆகாது என்று வாங்க மாட்டார்கள். அந்த இடத்தில் சாணியைப் பூசி மறைக்கிற தரகர்கள் உண்டு. நான் செய்ததில்லை என்று சொல்ல மாட்டேன்.

"இன்னைக்கு உங்களுக்கே சாணியைப் பூசிட்டுப் போய் நின்னிருக்கீக. பாக்குதவனுக்குத் தெரியாதாக்கும்? மலையாளத்துக் கதையைக் கட்டினவ நான்தான். அன்னைக்கு எனக்கு வேற வழி தெரியல. இப்பச் சொல்லுதேன், அதைக் கழுவிப் போடுங்க."

"கழுவினா அப்புறம் ஒரு பய என் கையைத் தொட மாட்டான்டி. தொழிலே போயிரும்."

"இப்ப மட்டும் எவன் தொடுதான்?" என்றாள்.

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருக்கத்தான் எனக்குப் பயிற்சி இருந்ததே.

அடுத்த கூட்டத்தை எங்கள் ஊர்ச் சந்தையிலேயே வைத்தேன். மத்தியானம் வியாபாரம் முடிந்து எல்லாரும் கிளம்புகிற நேரம். ஒரு வண்டியை அவிழ்த்துப் போட்டு மேலே ஏறி நின்றேன். இருபத்தைந்து வருஷம் அந்த மண்ணில் கத்தியவன், அன்று வாயைத் திறக்குமுன் துண்டை இரண்டு முறை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். கோமதி வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய எக்ஸ்ரே படங்களை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தேன்.

"மக்கா, எல்லாரும் இங்கன பாருங்க! நான் மலையாளத்துக்குப் போகல. இது என் நெஞ்சு. இந்த வெள்ளை இருக்கே, அதுதான் காசநோய். தொண்டைக்கும் வந்தது. எட்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தேன், அதுல நாலு மாசம் ஊமையாக் கிடந்தேன். இதுதான் என் சுழி. மறைச்சது என் தப்பு. இப்ப இந்த ரெண்டாவது படத்தைப் பாருங்க. வெள்ளை எங்க? என் சளியில கிருமி இல்லன்னு மூணு தடவை பாத்துச் சொல்லிட்டாவ. இந்த மாட்டுல இனி நோய் கிடையாது, நான் ஜவாப்தாரி!"

மாடுகள் கூட அசைபோடுவதை நிறுத்தினாற்போல் இருந்தது. முத்தையாவின் மூன்று விரலைச் சொன்னேன். தறி விற்றதைச் சொன்னேன். வார்டில் இருக்கும் மற்ற ஐந்து பேரையும் ஊர் சொல்லி, தொழில் சொல்லி, வயது சொல்லிப் பேசினேன். பெயர் மட்டும் சொல்லவில்லை. அவரவர் சுழியை அவரவர்தான் காட்ட வேண்டும்.

பிறகு கீழே இறங்கினேன். உண்டியல் வைக்கவில்லை. "நாலணா குடுக்கவன் முதலாளி முன்னால கூசுதான். முதலாளி, கூடக் கேட்டுருவாகளோன்னு பயப்படுதாரு. அதனால நம்ம முறைப்படியே செய்வோம். துண்டுக்குள்ள வாங்க. ஒரு விரல் ஒரு ரூபா, மடக்கினா அரை, நகத்தை மட்டும் தொட்டா நாலணா. வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. பணம் அடுத்த சந்தைக்குக் குடுத்தாப் போதும்" என்று துண்டை விரித்துக் கையின் மேல் போட்டு நீட்டினேன்.

யாரும் வரவில்லை. கை நீட்டியபடியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒருவன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினான். இன்னொருவன் வேறு பக்கம் பார்த்து மூக்கைச் சொறிந்தான். போச்சு, தொழிலும் போச்சு, முத்தையாவும் போனான் என்று நினைத்தேன். தோள் வலித்தது. ஆனாலும் கையை இறக்கவில்லை.

அப்போது பரமசிவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். இரண்டு உள்ளங்கையையும் எல்லாரும் பார்க்கும்படி விரித்துக் காட்டினான்.

"நீரு ஒரு பொய் சொன்னீரு, நான் ஒரு பொய் சொன்னேன். என் கையில புண்ணு கிண்ணு ஒண்ணும் கிடையாது வே" என்றான். துண்டுக்குள் கையை விட்டான்.

கை சூடாக இருந்தது. என் ஐந்து விரலையும் பிடித்தான், விட்டான், மறுபடியும் ஐந்தையும் பிடித்தான். பத்து ரூபாய்! சந்தைக்கு நடுவே நான் பொலபொலவென்று அழுதேன். வெட்கப்படவில்லை.

அதன் பிறகு வரிசைதான். முதலாளி வந்தார், மாடு மேய்க்கிறவன் வந்தான், கயிறு விற்கிறவன் வந்தான். எங்கள் சந்தையில் அதுவரை ஒரு பெண்ணும் துண்டுக்குள் கை விட்டதில்லை. அன்று தயிர்க்காரி ஒருத்தி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நகத்தைத் தொட்டாள். நான் ஒரு காகிதத்திலும் எழுதவில்லை. தரகன் விரலுக்கு ஞாபகம் உண்டு. அடுத்த சந்தையில் எல்லாரும் கொண்டுவந்து கொடுத்தார்கள், ஒருவர்கூட வார்த்தை மாறவில்லை. அதே பேச்சை அப்புறம் எத்தனையோ ஊர்களில் பேசினேன், சிவகிரியிலும்தான். இந்த முறை அந்தச் சம்சாரியே முதலில் வந்தார். முத்தையா ஊசி முடித்து, தறி வாங்கி, முதலில் நெய்தது எனக்கொரு துண்டு. இப்போது என் தோளில் கிடப்பது அதுதான்.

அத்தனை கூட்டங்களிலும் எனக்குக் கிடைத்த மாலைகளை விட, அன்று எங்கள் சந்தையில் கடைசியாக நடந்த ஒன்றில்தான் எனக்குக் கர்வம் அதிகம். வரிசை முடிந்துவிட்டது. கை மரத்துப்போய்த் துண்டை எடுக்கப் போனேன். உள்ளே இன்னொரு கை நுழைந்தது. பார்த்தால் மறுபடியும் பரமசிவன்.

"நீரு முதல்லயே சொல்லியாச்சே வே" என்றேன்.

பேரத்தில் பார்ப்பது போலவே அவன் எங்கேயோ ஆகாயத்தைப் பார்த்தான். உள்ளே என் நான்கு விரலை இறுக்கிப் பிடித்தான். எனக்குச் சட்டென்று ஓடவில்லை. அவன் தாடை லேசாக ஓரமாகத் திரும்பியது. அந்தப் பக்கம் பார்த்தேன். வேப்பமரத்தடியில், ஒரு மாதமாக விலைபோகாத அந்த மயிலை ஜோடி நின்றது.

நானூறு ரூபாய்!

கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு, நானும் ஆகாயத்தைப் பார்த்தேன். பிறகு சுண்டு விரலையும் சேர்த்து அவன் ஐந்து விரலையும் பிடித்தேன்.